ஹாண்டில் முனை: மூன்று சைக்கிள்களும் ஒரு மீன் தராசும்

ஹாண்டில் குழாயின் முனை திறந்து கிடக்கும் சைக்கிளை என் முற்றத்திலிருந்து வெளியே விடுவதில்லை. ரியூப் ஒட்டத்தான் கொண்டுவந்திருப்பார்கள், அல்லது செயின் கழன்று விழுகிறது என்று வந்திருப்பார்கள். அந்த வேலை முடிந்ததும் ஹாண்டிலின் இரு முனையையும் பெருவிரலால் தடவிப் பார்ப்பேன். ரப்பர் கிழிந்து இரும்பு விரலில் தட்டினால் அதையும் சரிசெய்துதான் அனுப்புவேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. ஹெல்மெட் போடச் சொல்லி எல்லோரும் கதைக்கிறார்கள், கதைக்கத்தான் வேண்டும். விழும்போது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நேரே நிற்கிற இந்தக் குழாயைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. திருகோணமலை உப்புவெளியில் அண்மையில் என்னிடம் வந்த மூன்று சைக்கிள்களில் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாவது, அயல் வீட்டுப் பிள்ளையின் சின்னச் சைக்கிள். "அண்ணா, பின் பிரேக் பிடிக்குதில்லை, ஒருக்கா பாருங்கோ" என்று தாய் விட்டுவிட்டுப் போனார். பிரேக் வயரை இழுத்துக் கட்டக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி வைப்பதில்லை, இறங்கின இடத்திலேயே படுக்கப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் சீமெந்துத் தரையில் உரசி, இடது பக்கக் கிறிப்பின், அதாவது கைப்பிடி ரப்பரின், முனை தேய்ந்து ஓட்டையாகி, குழாயின் விளிம்பு வெளியே தெரிந்தது. விளிம்பில் கறள் ஏறிப் பிசிறும் நின்றது.

ஒரு பிள்ளை மெதுவாகத்தான் போகிறது என்று வையுங்கள். மணலில் முன்சில்லு சறுக்கி ஒரு பக்கம் மடங்குகிறது. சில்லோடு ஹாண்டிலும் சுழல்கிறது. அதன் ஒரு முனை நிலத்தில் ஊன்ற, மறுமுனை பிள்ளையின் வயிற்றைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பிள்ளை தன் முழுப் பாரத்தோடு அதன் மேல் விழும். இதற்கு வேகம் தேவையில்லை, மோட்டார் வாகனம் வந்து மோதவும் தேவையில்லை. வீட்டு வாசலிலேயே நடக்கும்.

குழாயின் வெளிவிட்டம் வழமையாக 22.2 மில்லிமீற்றர். சுவர்த் தடிப்பு 2 மில்லிமீற்றர் என்று எடுத்தால், திறந்த முனையின் வளையப் பரப்பு 1.3 சதுர சென்ரிமீற்றர் அளவுதான் வரும். அந்தப் பரப்பின் மேல் 20 கிலோ பிள்ளை விழுகிறது. சப்பாத்துத் தைப்பவர் தோலில் துளை போட வைத்திருக்கும் வட்ட உளி எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான் இதுவும் வேலை செய்யும். அதே முனையில் 40 மில்லிமீற்றர் அகலமான ரப்பர்த் தலை இருந்தால் பரப்பு 12.5 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் போகும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. அடி விழும்தான், ஆனால் துளைக்காது.

வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் வயிற்றுத் தசை மெல்லியது. கல்லீரலும் மண்ணீரலும் பெரியவர்களுக்கு இருப்பதுபோல விலா எலும்புக்குள் முழுவதும் மறைந்திருப்பதில்லை. கணையமும் முன்சிறுகுடலும் முள்ளந்தண்டுக்குக் குறுக்கே கிடக்கின்றன. முன்னாலிருந்து ஹாண்டில் அமுக்கும்போது அவை எலும்புக்கும் இரும்புக்கும் இடையில் நசிகின்றன. சிலருக்கு வயிற்றுச் சுவரே உள்ளே கிழிந்து, தோல் மட்டும் முழுதாக இருக்கும். வெளியே தெரிவது ஒரு சின்ன வட்டக் கண்டல். சில வேளை அதுகூட இருக்காது. பிள்ளை எழும்பி நின்று, அழுகையை நிறுத்தி, திரும்பவும் சைக்கிள் ஓடும். வயிற்று நோவு, சத்தி, காய்ச்சல் எல்லாம் சில மணித்தியாலம் கழித்து வரலாம், அடுத்தடுத்த நாளிலும் வரலாம். மண்ணீரலில் காயமென்றால் இடது தோள்மூட்டில் நோ என்றுகூடச் சொல்லும். ஆகவே வயிற்றில் ஹாண்டில் குத்தியது என்று தெரிந்தால் பிள்ளை நல்லாயிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். "சைக்கிளால் விழுந்தது" என்று மட்டும் சொல்லாமல் "ஹாண்டில் முனை வயிற்றில் குத்தியது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். வைத்தியர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வசனம் மாற்றிவிடும்.

இனி வேலை. பழைய கிறிப்பை இழுத்து எடுக்கப் பார்க்காமல் பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரித்தேன். குழாயின் வெளிவிளிம்பை அரை வட்ட அரத்தாலும் உள்விளிம்பைச் சான்ட்பேப்பர் சுற்றிய குச்சியாலும் தேய்த்துப் பிசிறு எடுத்தேன். கறளைத் துடைத்து, உள்ளே கொஞ்சம் கிறீஸ் பூசினேன். பிறகு காய்ந்த வேப்பங் கொம்பில் ஒரு அடைப்பான் செதுக்கினேன். தண்டு குழாய்க்குள் இறுகப் போகும் அளவு, தலை குழாயின் விளிம்பை முழுதும் மூடும் அளவு, காளான் வடிவம். தலையை நன்றாக உருட்டி, வார்னிஷ் பூசிக் காயவிட்டு, மரச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். நாளைக்குப் புதுக் கிறிப்பும் கிழிந்து போகலாம். அப்போதும் வெளியே வருவது மரத்தலையாக இருக்கும், இரும்பு விளிம்பாக இருக்காது.

அதன் மேல் முனை மூடிய, தலை பெருத்த கிறிப் ஒன்று. திருகோணமலைக் கடைகளில் சில நூறு ரூபாவுக்கு வாங்கலாம். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் முனையை அமுக்கிப் பாருங்கள், தடித்த ரப்பராக இருக்க வேண்டும். குழாயில் ஸ்பிரிட் தடவினால் கிறிப் வழுக்கிக்கொண்டு ஏறும், ஸ்பிரிட் ஆவியானதும் பிடித்துக்கொள்ளும். எண்ணெயோ சவர்க்காரமோ போட்டு ஏற்றினால் பிறகு கையோடு கழன்று வரும், அது இன்னும் ஆபத்து.

பிடித்ததா இல்லையா என்பதைக் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் இதற்கு ஒரு அளவு உண்டு: ஹாண்டில் முனையில் இருக்கும் கிறிப்போ மூடியோ 66.8 நியூற்றன் இழுவைக்குக் கழலக் கூடாது. கிலோவில் சொன்னால் 6.8 அளவு. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஐயாவிடம் தொங்கவிட்டு நிறுக்கும் வில் தராசு இருக்கிறது. வியாபாரம் முடிந்து திரும்பும்போது வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் 5 லீற்றர் தண்ணீர்க் கானைத் தொங்கவிட்டுத் தராசைச் சரிபார்த்தேன். பிறகு கிறிப்பைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டி, தராசின் கொளுக்கியை அதில் மாட்டி, ஹாண்டில் நீட்டுக்கு நேராக இழுத்தேன். முள் 7 கிலோவைத் தாண்டியும் கிறிப் அசையவில்லை. வலது பக்கத்துப் பழைய கிறிப்பில் அதே சோதனையைச் செய்தபோது 3 கிலோ வருவதற்குள் வழுக்கி வந்தது. அதையும் மாற்றினேன்.

அந்தச் சைக்கிளில் இன்னுமொன்று. பிரேக் லீவரின் நுனியில் குண்டு உருண்டை ஒன்று இருக்க வேண்டும். அது முறிந்து, மிச்சம் கூராக நின்றது. லீவரை மாற்றி, பிள்ளையின் விரல் எட்டும்படி உள்ளே இருக்கும் சின்ன ஆணியைத் திருகிக் கிட்டக் கொண்டுவந்தேன்.

இரண்டாவது சைக்கிள் வேறு உலகம். உவர்மலையிலிருந்து ஒரு தம்பி. ட்ரையத்லனுக்குப் பயிற்சி எடுக்கிறார்: நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு காலால் ஓட வேண்டிய போட்டி. கடல் வாசலில் இருக்கிறது, நீச்சலுக்குக் குறையில்லை. சைக்கிள்தான் கொழும்பில் கைமாறி வந்த பழைய ரேஸ் சைக்கிள். வளைந்த ஹாண்டில், அதன் மேல் முன்னோக்கி நீளும் ஏரோ பார் இரண்டு, முழங்கையை வைக்கப் பஞ்சு மெத்தை. "அண்ணா, எழும்பி மிதிக்கேக்க முன்னுக்குக் கறக் கறக் எண்டு சத்தம் வருது. ஏரோ பாரை ஒருக்கா இறுக்கிவிடுங்கோ" என்றார்.

ஹாண்டிலில் வரும் சத்தத்தை இறுக்கி அடக்கக் கூடாது. சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏரோ பாரைக் கழற்றினேன், பிடிக்கு ஹாண்டிலில் சுற்றியிருந்த ரேப்பை முழுதாக உரித்தேன். அந்த ரேப்பை வாங்கிய நாளிலிருந்து யாரும் கழற்றவில்லை என்று மணத்திலேயே தெரிந்தது. இடது பிரேக் லீவரின் பட்டி பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. துடைத்தால் கீழே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நகத்தில் தட்டுப்படும் ஒரு கோடு.

"இது வெறும் தூள்தானே அண்ணா, சான்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சா போயிடாதா?"

"தூள் போகும். குழாயிலயிருந்து தின்னுப்பட்ட அலுமினியம்தான் தம்பி அந்தத் தூள். அது திரும்பி வராது."

கடற்கரை ஊரில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது என்று நினைக்கிறோம். கறள் பிடிக்காதுதான், ஆனால் உப்பு அதையும் தின்னும். வியர்வையில் உப்பு, காற்றில் உப்பு, நிலாவெளிப் பக்கம் உப்பளக் காற்றுமாக ரேப்பின் பஞ்சு எல்லாவற்றையும் உறிஞ்சி, காயவிடாமல் குழாயோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். இரும்புப் பட்டியோ போல்ட்டோ அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் இடையில் மின்னோட்டம் உண்டாகி அரிப்பு இன்னும் விரைவாகும். அரித்த குழியின் அடியில்தான் வெடிப்புத் தொடங்கும். உருக்குக் குழாய் பெரும்பாலும் வளைந்து காட்டிவிட்டுத்தான் முறியும். அலுமினியம் அப்படி இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் ஒவ்வொரு இழுவையும் அதற்குள் கணக்கில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் எச்சரிக்கையில்லாமல் விட்டுவிடும்.

விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தின் பெரிய மேடைகளிலேயே சான்று உண்டு. 2021 ஆகஸ்ட்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் சைக்கிள் அணித் துரத்தல் ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் போர்ட்டருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹாண்டில் முறிந்தது. கையில் பிடிக்க எதுவும் இல்லாமல் முகங்குப்புற ஓடுபாதையில் விழுந்தார். 2006 பாரிஸ்–ரூபே சைக்கிள் ஓட்டத்தில் ஜோர்ஜ் ஹின்கபிக்கு, முன்சில்லைப் பிடித்திருக்கும் முன்முள்ளின் தண்டு முறிந்து, ஹாண்டில் கையோடு வந்து, தோள்மூட்டு விலகியது. அவர்களுக்கு மெக்கானிக் கூட்டமே பின்னால் இருந்தது. மற்ற விபத்துகளில் பிரேக் பிடிக்கலாம், விலகலாம், கையை ஊன்றலாம். ஹாண்டில் முறிந்தால் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். அதனால்தான் ஹாண்டில் விஷயத்தில் "பார்ப்பம்" என்ற பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதில்லை.

அந்த ஹாண்டிலை மேசையில் இறுக்கி இரும்பறுக்கும் வாளால் நடுவில் இரண்டாக அறுத்துப் போட்டேன். அறுக்காமல் குப்பையில் போட்டால் யாரோ ஒருவர் எடுத்து இன்னொரு சைக்கிளில் பூட்டுவார். வெடிப்புக் கிடந்த இடத்திலும் ஒரு வெட்டு வெட்டினேன். குழிக்குக் கீழே சுவர் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதைத் தம்பி விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகு புது ஹாண்டில் வாங்குவதைப் பற்றி வாதம் வரவில்லை.

புதிது அலுமினியத்திலேயே எடுக்கச் சொன்னேன். காபன் நாரில் செய்த ஹாண்டில் இலேசுதான், கைக்கும் அதிர்வு குறைவு. ஆனால் விழுந்தபின் வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே அடுக்குகள் விட்டிருக்கலாம், அதை எங்கள் முற்றத்தில் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஏரோ பார் பூட்ட அனுமதிக்காத காபன் ஹாண்டில்களும் உண்டு, பட்டியை இறுக்கினால் நசிந்துவிடும். அகலத்துக்கு இரண்டு தோள் எலும்பு முனைகளுக்கும் இடைத்தூரத்தை அளந்தோம். அவருக்கு 42 சென்ரிமீற்றர் பொருந்தியது.

ஹாண்டிலைச் சைக்கிளோடு பிடித்து நிறுத்தும் துண்டுதான் ஸ்டெம். அதில் நான்கு போல்ட். நான்கையும் கழற்றித் துடைத்து, புரியில் மெல்லியதாகக் கிறீஸ் பூசினேன். ஹாண்டிலை முன்னாலிருந்து அமுக்கும் முகமூடித் தட்டுக்கும் ஸ்டெம்முக்கும் இடையில் மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்கி இறுக்கலாம் என்பதற்கு ஸ்டெம்மில் 5 நியூற்றன் மீற்றர் என்று பொறித்திருந்தது. அதற்கென்றே முறுக்கு ஸ்பனர் இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஐயாவின் மீன் தராசு இன்னும் என்னிடம்தான் இருந்தது. அலன் கீயின் நீண்ட கையில், போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 10 சென்ரிமீற்றரில் கோடு போட்டு, அங்கே கொளுக்கியை மாட்டி, கீக்குச் செங்குத்தாக இழுத்தால் 5 நியூற்றன் மீற்றருக்கு 50 நியூற்றன் வேண்டும். தராசில் 5.1 கிலோ. நான்கு போல்ட்டும் அந்த அளவுக்கு வரும்வரை சுற்றிவந்தேன். பலர் கை பலத்தில் இறுக்குவது இதைவிடக் கூட. கூடுதலாக இறுக்கினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். போல்ட் நீண்டு, தட்டில் முடி அளவு வெடிப்பு விழுவது அப்படித்தான்.

பிறகு முன்சில்லை இரண்டு முழங்காலுக்கும் இடையில் இறுக்கிக்கொண்டு ஹாண்டிலை இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்க்க வேண்டும். பிரேக் லீவர்களின் மேல் முழுப் பாரத்தையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று அடிக்கக் கூடாது. மூன்றிலும் அசைவில்லை. கறக் சத்தமும் போய்விட்டது.

அடுத்தது முனைகள். ரேஸ் ஹாண்டிலின் கீழ் முனைகள் பின்னோக்கி நிற்கின்றன. விழும்போது தொடையையும் அடிவயிற்றையும் பார்க்கும். ரேப்போடு சேர்த்து வரும் மலிந்த பிளாஸ்ரிக் மூடி, சைக்கிளைச் சுவரில் சாய்த்தாலே கழன்று உருண்டு போகும். நடுவில் ஆணி உள்ள மூடி நல்லது. உள்ளே தள்ளி ஆணியைத் திருகினால் விரிந்து குழாயைப் பிடிக்கும். ஏரோ பாரின் முன் முனைகளில் கியர் லீவர் இல்லாததால் அவையும் திறந்தே கிடந்தன, பின் முனைகளும் அப்படித்தான். எல்லாவற்றையும் மூடினேன். மூடியில்லாத ஹாண்டிலோடு போட்டியில் இறங்க ட்ரையத்லன் விதியும் விடாது, சைக்கிள் ஓட்ட விதியும் விடாது. சோதிப்பவர் ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைப்பார்.

ஏரோ பாரைத் திரும்பப் பூட்டும்போது தம்பியோடு நீண்ட நேரம் கதைத்தேன். இந்தப் பொருள் 1980களின் பிற்பாதியில் ட்ரையத்லன்காரர்களிடமிருந்து வந்தது. 1989இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய பல நாள் சைக்கிள் ஓட்டத்தின் கடைசி நாள், 24.5 கிலோமீற்றர் தனி ஓட்டத்தில் கிரெக் லெமோண்ட் இதைப் பூட்டி ஓடி 50 நொடி பின்னடைவை வென்று, மொத்தத்தில் 8 நொடியால் பட்டம் எடுத்தார். அதன் பிறகு வேகம் வேண்டியவர்கள் எல்லோரும் இதைத் தேடினார்கள். காற்றைக் கிழிக்கும் என்பது உண்மை. அந்த வேகத்துக்கு மூன்று விலை கொடுக்க வேண்டும். கைகள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வருவதால் சின்ன அசைவுக்கும் முன்சில்லு துள்ளும். உடம்பின் பாரம் முன்னுக்குப் போகும். எல்லாவற்றையும்விட, கை பிரேக்கில் இல்லை. மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் நொடிக்கு 10 மீற்றர். முழங்கையைத் தூக்கிக் கையைப் பிரேக்குக்குக் கொண்டுபோக அரை நொடி எடுத்தால் 5 மீற்றர் பிரேக் இல்லாமல் போய்விடும்.

2022 ஜனவரியில் கொலம்பியாவின் ஏகன் பெர்னால், டூர் டி பிரான்ஸை வென்றவர், இப்படிக் குனிந்து பயிற்சி எடுக்கும்போது முன்னால் நின்ற பஸ்ஸின் பின்புறத்தில் மோதினார். முள்ளந்தண்டு, தொடை எலும்பு, முழங்கால் சில்லு எல்லாம் முறிந்து, நுரையீரலும் துளைபட்டது. 2019 ஜூனில் கிறிஸ் ஃபுரூம் தனி ஓட்டச் சைக்கிளில் பாதையைப் பார்த்து வரும்போது, மூக்குச் சிந்த ஒரு கையை எடுத்த நேரத்தில் காற்று முன்சில்லை அடித்துச் சுவரில் மோத வைத்தது. தொடை, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன. இரண்டு பேரும் உலகத்தின் மிகத் திறமையான ஓட்டக்காரர்கள். கவனக்குறைவு என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். அந்த இருப்பில் தவறைத் திருத்த நேரமே கிடையாது, அவ்வளவுதான்.

அதனால் தம்பிக்கு இடம் பிரித்துச் சொன்னேன். ரவுணுக்குள் ஏரோ பாரில் கை வைக்கவே கூடாது. ஓட்டோ, பஸ், பாடசாலைப் பிள்ளைகள், அதோடு எங்கள் ஊரில் கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வீதியில் நடக்கும் புள்ளிமான்கள். கிண்ணியாப் பாலத்தில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கூடாது. 396 மீற்றர் திறந்த வெளி, பக்கத்துக் காற்று நேராக முன்சில்லில் விழும். நிலாவெளி வீதியில் அலஸ்தோட்டம், சாம்பல்தீவு தாண்டிப் போகும்போது விடியற்காலையில் தார் வீதியில் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும், வெளிச்சம் நன்றாக வரும்வரை கை பிரேக்கில் இருக்கட்டும். இறக்ககண்டி தாண்டிக் குச்சவெளிப் பக்கம், வீதி நேராக, முன்னால் பஸ் இல்லாமல், காற்று முகத்திலோ முதுகிலோ இருந்தால் குனியலாம். அங்கேயும் கண் வீதியில் இருக்க வேண்டும், கைக்கடிகாரத்தில் அல்ல. கூட்டாளிகளோடு சேர்ந்து ஓடும் நாளில் ஏரோ பாரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் அந்த இரண்டு குழாயும் அவர் இடுப்பில் ஏறும். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட அனுமதிக்கும் ட்ரையத்லன்களில் அதை நீட்டிப் பூட்ட விடாததற்குக் காரணமும் இதுதான்.

மூன்றாவது சைக்கிள் மீன்கார ஐயாவுடையது. தராசைத் திருப்பி வாங்க வந்தவரின் சைக்கிளைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஸ்டெம் அளவுக்கு மேல் உயர்ந்து நின்றது. "குனிஞ்சு ஓட ஏலாது தம்பி, நாரி பிடிக்குது. அதுதான் உயத்தினனான்" என்றார்.

பழைய வகைச் சைக்கிளில் ஸ்டெம் முன்முள்ளுக் குழாய்க்குள் இறங்கி, அடியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெம்மின் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு வளையம் பொறித்திருக்கும். அந்தக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் உள்ளே பிடிக்கப் போதிய நீளம் இல்லை என்று அர்த்தம். அமெரிக்க விதியில் அது ஸ்டெம் விட்டத்தின் இரண்டரை மடங்கு, 22.2 மில்லிமீற்றர் தண்டுக்கு 55 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஐயாவின் சைக்கிளில் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் வெளியே தெரிந்தது. பின்னால் மீன் பெட்டி, ஹாண்டிலில் இரண்டு பக்கமும் தொங்கும் பைகள், அதற்குள் தராசு. பள்ளத்தில் ஒரு இழுவை போதும்.

மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டினால் ஆப்பு இறங்க வேண்டும். கறளில் இறுகி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் தட்டியதும் விட்டது. தண்டைச் சுரண்டித் துடைத்துப் பார்த்தேன், வெடிப்பில்லை. கிறீஸ் பூசி, கோடு மறையும்வரை இறக்கினேன். உயரம் குறைந்ததற்கு ஈடாக, என்னிடம் கிடந்த மேல்நோக்கி வளைந்த உருக்கு ஹாண்டில் ஒன்றைப் பூட்டினேன். பிடி முன்னிருந்த உயரத்துக்கே வந்தது, பிடி இருந்த இடமும் உடம்புக்குக் கிட்ட வந்தது. நாரிக்கு முன்னையைவிடச் சுகமாக இருக்கிறது என்கிறார். பைகளை ஹாண்டிலிலிருந்து எடுத்துக் கரியரின் பக்கத்தில் கொளுவ இரும்புக் கொளுக்கி வைத்துக் கொடுத்தேன். தொங்கும் பை ஒருமுறை முன்சில்லுக் கம்பிக்குள் போனால் சில்லு அந்த இடத்திலேயே நிற்கும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார்.

விழுந்தபின் என்ன செய்வது என்று தம்பியும் கேட்டார், அந்தத் தாயும் கேட்டார். முதலில் ஆளைப் பாருங்கள். சுயநினைவு தடுமாறினால், கழுத்து நோவு என்றால், வயிறு இறுகியிருந்தால், ஆளைத் தூக்கி நிமிர்த்தி ஓட்டோவில் ஏற்ற அவசரப்படாமல் 1990க்கு எடுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோளில் விழுந்து கையைத் தூக்க முடியாமல் இருந்தால் காறை எலும்பாக இருக்கலாம், சைக்கிள்காரர் விழுந்தால் அடிக்கடி முறிவது அதுதான். சைக்கிளைப் பிறகு பார்க்கலாம். ஆனால் பார்க்காமல் ஏறி ஓட வேண்டாம். ஹாண்டில் நேராக நிற்கிறதா, முனை மூடிகள் இருக்கின்றனவா, லீவர் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். அலுமினிய ஹாண்டில் வளைந்திருந்தால் வளைத்து நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். காபன் பலமாக அடிபட்டிருந்தால் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். விழாத சைக்கிளானாலும் வாடைக்காற்றுத் தொடங்குமுன் ரேப்பை உரித்து ஒருமுறை துடைத்துப் பார்த்துப் புதிதாகச் சுற்றுங்கள்.

22.2 மில்லிமீற்றர்க் குழாய்க்கு வேப்ப மூடிகள் கொஞ்சம் செதுக்கி வார்னிஷ் காயவைத்திருக்கிறேன். ரேஸ் ஹாண்டிலுக்கு உள்விட்டம் வேறு, அதற்கு ஆணி வைத்த மூடிகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருக்கிறேன். பாடசாலை விடுமுறை விட்டதும் ஒழுங்கைப் பிள்ளைகளின் சைக்கிள்களை எல்லாம் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஐயா அன்றைக்குத் தராசைக் காலையிலேயே தருவதாகச் சொன்னார்.